‘அசல்’ என்று எதைச் சொல்கிறோம்?

கடையில் தொங்கும் புது ஜீன்ஸைப் பாருங்கள். முழங்கால் வெளுத்திருக்கிறது, தொடைப்பக்கம் நூல் பிரிந்திருக்கிறது. அதை அணிந்து யாரும் மண்டியிட்டதில்லை, சுமை தூக்கியதில்லை, வெயிலில் நின்றதில்லை. என்னிடமும் அப்படி ஒன்று பல ஆண்டுகள் இருந்தது. அந்த வெளுப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது வரும் வழிகளில் ஒன்று, அழுத்தக் காற்றில் மணலைத் துணிமீது பீய்ச்சியடித்துச் சாயத்தைத் தேய்த்தெடுப்பது. அந்தத் தூசியை நாள்முழுதும் சுவாசித்த தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற, குணப்படுத்த முடியாத நுரையீரல் நோய் வந்தது. சுரங்கத்தில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு வருகிற அந்த நோய், துருக்கியின் பட்டறைகளில் இளைஞர்களையே பிடித்தது. 2009இல் துருக்கி அரசு ஜீன்ஸ் துணிக்கு இந்த முறையைத் தடை செய்தது.

உழைத்தவர் உடுப்பு போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக, உண்மையிலேயே உழைத்தவர்களின் மூச்சு போயிருக்கிறது. இந்தக் கட்டுரை பேசப்போகும் குழப்பம் முழுவதும் அந்த முழங்காலில் இருக்கிறது. கைத்திறன் என்று ஒன்று, அசல்தன்மை என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிப் பழகிவிட்டோம். கடையில் மட்டும் அல்ல, வாக்குச்சாவடியிலும்.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். கைத்திறன் என்பது, ஒரு வேலை என்ன கேட்கிறதோ அதை முழுமையாகக் கொடுக்கும் பழக்கம். பழக்கம் என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்ற வரியில் பிறவி மேதைமைக்கு இடமே இல்லை, திரும்பத் திரும்பச் செய்வதற்கு மட்டும்தான் இடம். கை என்று சொன்னாலும் அது விரல்களோடு நின்றுவிடுவதில்லை. கணினி நிரல் எழுதுபவருக்கும், அறுவை மருத்துவருக்கும், சட்ட வரைவு எழுதும் அதிகாரிக்கும் இது உண்டு. ஒரு வேலையை அந்த வேலைக்காகவே நன்றாகச் செய்ய வேண்டும் என்ற விருப்பம் எங்கே இருந்தாலும் அதைக் கைத்திறன் என்றே அழைக்கிறார் சமூகவியலாளர் ரிச்சர்ட் சென்னட்.

அசல்தன்மை வேறு. ஒரு பொருளோ ஆளோ, தன்னை எதுவென்று சொல்லிக்கொள்கிறதோ அதுவாகவே இருப்பது. கவனித்தால் இது ஒரு கூற்று. ‘இது இன்னார் செய்தது’, ‘இது இன்ன காலத்தது’, ‘இவர் உள்ளும் புறமும் ஒன்றானவர்’ என்ற கூற்று. கதவு சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று திறந்து மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் கதவு முந்நூறு ஆண்டு பழையதா என்பதை மூடிப் பார்த்து அறிய முடியாது. அதற்கு ஆவணம் வேண்டும், சாட்சி வேண்டும், கதை வேண்டும்.

இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல்லுக்குள் இருந்தன என்பதுதான் வேடிக்கை. அசல்தன்மையைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் பயன்படுத்தும் சொல், ‘ஆத்தென்டீஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு செயலைத் தானே முன்னின்று செய்பவர், தன் கையாலேயே செய்தவர் என்பது அதன் பொருள். தன் கையால் கொலை செய்தவரையும் கிரேக்கர்கள் அதே சொல்லால்தான் குறித்தார்கள். ஆக, அசல் என்ற எண்ணம் ஒரு கையிலிருந்து பிறந்தது. பின்னர் அந்தக் கை எங்கோ கழன்றுபோனது.

எப்படிக் கழன்றது என்று பார்க்க, ஹான் வான் மெகரன் என்ற ஒல்லாந்து ஓவியரின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் பெயரில் அவர் போலிகள் வரைந்தார். இருக்கிற ஓவியத்தைப் பார்த்துப் படியெடுக்கவில்லை, வெர்மீர் வரைந்திருக்கக்கூடும் என்று எல்லோரும் நம்ப விரும்பிய புதிய ஓவியங்களை வரைந்தார். பழைய காலத்துத் துணியைத் தேடிப் பிடித்தார். எண்ணெய்ச் சாயம் முழுமையாக இறுக நெடுங்காலம் ஆகும் என்பதால், சாயத்தில் பேக்கலைட் வகைப் பிசினைக் கலந்து அடுப்பில் வைத்துச் சுட்டு இறுக்கினார். வெடிப்புகள் வருவதற்காகத் துணியைச் சுருட்டினார். 1937இல், அந்தத் துறையின் பெரும்புள்ளியான ஆபிரகாம் பிரெடியஸ், அப்படி வந்த ஒன்றை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று எழுதினார். ராட்டர்டாமின் போய்மன்ஸ் அருங்காட்சியகம் அதை வாங்கி மாட்டியது.

1945இல் வான் மெகரன் கைதானார், ஆனால் போலி வரைந்ததற்காக அல்ல. நாட்டின் செல்வமான ஒரு வெர்மீர் ஓவியத்தை நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போகும்படி விற்றார் என்பது குற்றச்சாட்டு. தப்பிக்க ஒரே வழி உண்மையைச் சொல்வதுதான். அது வெர்மீர் அல்ல, நான் வரைந்தது என்றார். யாரும் நம்பவில்லை. காவலில் இருந்தபடியே, சாட்சிகள் முன்னால் இன்னொரு ‘வெர்மீர்’ வரைந்து காட்ட வேண்டியிருந்தது. தன் கைத்திறனை நிரூபித்துத்தான் தன் மோசடியை நிரூபித்தார். 1947இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிறைக்குப் போகும் முன்பே, அதே ஆண்டின் இறுதியில் இறந்துவிட்டார்.

ஓவியத்தில் ஒரு நூலிழைகூட மாறவில்லை. நேற்றுவரை மக்கள் அதன் முன்னால் உருகி நின்றார்கள், இன்று யாரும் நிற்கவில்லை. ஆகவே அசல் என்பது எடை, நிறம்போலப் பொருளுக்குள் கிடக்கும் குணம் அல்ல என்று முடிவுகட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஓவியங்களை இன்று பார்க்கும் பலரும் ஒன்றைச் சொல்கிறார்கள்: அந்த முகங்களில் பதினேழாம் நூற்றாண்டு இல்லை, 1930களின் திரைநடிகர்கள் இருக்கிறார்கள். அவர் காலத்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் அது அவர்களுடைய கண். அவர்கள் எதை அசல் வெர்மீர் என்று கற்பனை செய்து வைத்திருந்தார்களோ அதையே வான் மெகரன் வரைந்து கொடுத்தார். ஒரு காலம் எதை அசல் என்று கொண்டாடுகிறதோ அதில் பாதி அந்தக் காலத்தின் சொந்த ஆசை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அரசியலுக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

இயந்திரம் வந்தபின் கதை இன்னும் சிக்கலானது. 1853இல் ஆங்கிலேய விமர்சகர் ஜான் ரஸ்கின் ஒரு வாதத்தை வைத்தார். பழைய கோதிக் தேவாலயங்களின் சிற்பங்களில் கோணல் உண்டு, பிசிறு உண்டு. அவற்றைச் செதுக்கியவர் சுதந்திரமாக யோசித்தபடி வேலை செய்தார் என்பதற்கு அந்தப் பிசிறே சாட்சி. தொழிற்சாலையில் துண்டுபடுவது உழைப்பு அல்ல, மனிதர்கள் என்றார் அவர். பிழையற்ற பொருள் வேண்டும் என்று கேட்டால், செய்பவரைக் கருவியாக மாற்றத்தான் வேண்டும். அவருடைய கவலை தொழிலாளியைப் பற்றியது. பொருளின் அழகு அதற்கு அடுத்ததுதான்.

அவர் வழியில் வந்த வில்லியம் மோரிஸ் 1861இல் நண்பர்களோடு சேர்ந்து நிறுவனமே தொடங்கினார். சுவர்த்தாள், நெசவு, வண்ணக் கண்ணாடி எல்லாம் நேர்த்தியாகச் செய்தார்கள். ஆனால் நேர்த்தியாகச் செய்ய நேரம் ஆகும், நேரம் விலையில் ஏறும். சாதாரண மக்களுக்கு அழகு வேண்டும் என்று தொடங்கியவர், பணக்காரர் வீடுகளை அலங்கரித்துக்கொண்டிருந்தார். அது அவரை அரித்தது. 1880களில் அவர் சோசலிஸ்ட் ஆனதற்கு இந்த அரிப்பும் ஒரு காரணம்.

1899இல் பொருளாதார அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் கைவேலையைப் போற்றிய இந்த இயக்கத்தின் நெஞ்சிலேயே குத்தினார். கைவேலையின் கோணலை நாம் விரும்புவது அதில் மனிதர் இருப்பதால் அல்ல. கோணல் இருந்தால் அது கைவேலை, கைவேலை என்றால் விலை அதிகம், விலை அதிகம் என்றால் கௌரவம். இயந்திரக் கரண்டிதான் துல்லியமானது. ஆனால் பிசிறுள்ள கரண்டிக்கே மதிப்பு. வெப்லன் கொஞ்சம் கொடூரமானவர், எனக்கு ரஸ்கின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனாலும் சந்தையில் நடந்தது வெப்லன் சொன்னபடிதான். சுத்தியல் படாத உலோகப் பாத்திரத்தில் சுத்தியல் தழும்பை இயந்திரமே அச்சடித்து அனுப்புகிறது. சுதந்திரத்தின் சாட்சி என்று ரஸ்கின் கண்ட பிசிறு, உற்பத்தி வரிசையில் ஒரு கட்டமாகிவிட்டது. கைவினைப் பொருள்களுக்கென்றே 2005இல் தொடங்கிய எட்ஸி இணையச் சந்தை, 2013இல் வெளி உற்பத்தியாளர்களை வைத்துச் செய்து விற்கவும் அனுமதித்தபோது, கைவினை என்ற சொல்லை எவ்வளவு இழுக்கலாம் என்ற சண்டை விற்பனையாளர்களுக்குள்ளேயே எழுந்தது.

பொருளும் வேலையும் பிரிந்து நிற்கும் இன்னொரு இடத்தைக் காட்டாமல் இந்த அறிமுகம் முழுமையாகாது. ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்திலேயே இருக்கும் மாற்று மனையில், புது சைப்ரஸ் மரத்தில் அப்படியே மறுபடி கட்டுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம். போர்க்காலங்களில் நூறாண்டுக்கு மேல் நின்றுபோய், பிறகு தொடர்ந்தது. 2013இல் நடந்தது 62ஆவது முறை, அடுத்தது 2033இல். அந்தக் கட்டடம் பழையதா, புதியதா? மரத்தைக் கேட்டால் புதியது. மூட்டுகளைக் கேட்டால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழையது. இருபதாண்டு இடைவெளிக்கும் கணக்கு இருக்கிறது: இளைஞராக எடுபிடி வேலை செய்த தச்சர், நடுவயதில் உளியைப் பிடிப்பார், முதுமையில் மேற்பார்வை பார்ப்பார்.

இது உலகத்துக்கு ஒரு நடைமுறைச் சிக்கலாகவே வந்தது. உலகப் பாரம்பரியச் சின்னங்களைத் தேர்வு செய்ய யுனெஸ்கோ தொடக்கத்தில் வைத்திருந்த அசல்தன்மைச் சோதனையில் நான்கு அம்சங்கள் இருந்தன: வடிவமைப்பு, மூலப்பொருள், வேலைப்பாடு, அமைந்த சூழல். கல்லில் கட்டிய ஐரோப்பாவுக்கு அது பொருந்தியது. மரத்தில் கட்டி, உளுத்ததை மாற்றிக்கொண்டே வாழும் நாடுகளுக்கு இடித்தது. 1994இல் ஜப்பானின் நாரா நகரில் நிபுணர்கள் கூடி, அசல்தன்மையை ஒவ்வொரு பண்பாட்டின் உள்ளிருந்தும் பார்க்க வேண்டும், மரபும் உத்தியும் பயன்பாடும் உணர்வும்கூட அதற்குச் சான்றுகள் என்று ஓர் ஆவணம் எழுதினார்கள். கையிலிருந்து கழன்ற சொல், ஒரு சுற்று சுற்றி, மறுபடி கைக்கே வந்து சேர்ந்தது.

இனி அரசியல்.

1840ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். வில்லியம் ஹென்றி ஹாரிசன் வேட்பாளர். வயதானவர், அவருக்கு ஒரு மரக்குடிசையும் ஒரு பீப்பாய் மதுவும் கொடுத்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. அவர் கட்சியினர் அந்தக் கேலியையே பிடித்துக்கொண்டார்கள். ஊர்வலங்களில் மரக்குடிசைகள் உருண்டன. எளிய குடிசைவாசி, ஆடம்பரப் பிரபு மார்ட்டின் வான் பியூரனை எதிர்த்து நிற்கிறார் என்பது கதை. உண்மை தலைகீழ். ஹாரிசன் பெரும் பண்ணை மாளிகையில் பிறந்தவர், அவர் தந்தை அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். வான் பியூரனோ விடுதி நடத்தியவரின் மகன். குடிசை வென்றது. பதவியேற்ற ஒரே மாதத்தில் ஹாரிசன் இறந்துபோனார்.

இருபது ஆண்டு கழித்து இதே உத்தி ஆபிரகாம் லிங்கனுக்கு வந்தது. 1860 மே மாதம், இலினாய் மாநிலக் கட்சி மாநாட்டு மேடைக்கு இரண்டு வேலிக் கட்டைகளைத் தூக்கிவந்தார்கள், லிங்கன் இளமையில் பிளந்த கட்டைகள் என்று சொல்லி. ‘வேலிக்கட்டை பிளந்தவர்’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது. ஹாரிசனின் குடிசை பொய், லிங்கனின் கோடரி மெய். ஆனால் மேடை ஏற்றிய விதத்தில் வேறுபாடு இல்லை. லிங்கன் அப்போது ரயில் நிறுவனங்களுக்காகவும் வாதாடிய தேர்ந்த வழக்கறிஞர். அவர் எப்படிப்பட்ட தலைவராக ஆகப்போகிறார் என்பதற்கான தடயம் அவருடைய வாதங்களில் இருந்தது, வாக்கியங்களில் இருந்தது, ஆட்களை ஒன்றுசேர்க்கும் திறமையில் இருந்தது. கட்டையில் இல்லை. ‘மரத்தை மறைத்தது மாமத யானை’ என்பதுபோல, கட்டை வழக்கறிஞரை மறைத்தது.

இங்கே ஒரு நுணுக்கமான வேறுபாடு உதவும். 1970இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இலக்கிய விமர்சகர் லயனல் டிரில்லிங் இரண்டு குணங்களைப் பிரித்துக் காட்டினார். முதலாவது வாய்மை: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை. இது பிறரோடு உள்ள உறவில் இருப்பது. நான் சொல்வதை நம்பி நீங்கள் நடக்கலாம் என்ற வாக்குறுதி அது. இரண்டாவதுதான் அசல்தன்மை: நான் எனக்கு உண்மையாக இருப்பது, சமூகம் போட்ட பூச்சைக் களைந்து நிற்பது. நவீன காலத்தில் மெல்ல மெல்ல இரண்டாவது முதலாவதை விழுங்கிவிட்டது என்பது அவர் கவனிப்பு.

விழுங்கினால் என்ன ஆகும்? பொய் சொல்பவரும் அசலானவராக முடியும். இது சொல் விளையாட்டு இல்லை. 2018இல் அமெரிக்கன் சோஷியாலஜிக்கல் ரிவ்யூ இதழில் மூன்று ஆய்வாளர்கள் இந்தப் புதிரை ஆராய்ந்து எழுதினார்கள். ஆட்சி அமைப்பே தங்களுக்கு எதிரானது என்று ஒரு பகுதி மக்கள் நம்பும்போது, வெளிப்படையாகப் பொய் சொல்லி, மரியாதை விதிகளை உடைக்கும் தலைவர் அவர்களுக்கு மற்றவர்களைவிட உண்மையானவராகத் தெரிகிறார். பொய் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் மேல்தட்டின் முகச்சுளிப்பை விலையாகக் கொடுத்து அவர் அதைச் சொல்கிறார் அல்லவா, அந்த விலையே அவர் தங்கள் பக்கம் என்பதற்கு அத்தாட்சி ஆகிறது. கொச்சையான பேச்சு, கலைந்த தலை, எழுதிவைத்ததைப் படிக்காத உரை எல்லாம் பாத்திரத்தின் சுத்தியல் தழும்பு செய்யும் வேலையைச் செய்கின்றன. சில தழும்புகள் உண்மையிலேயே சுத்தியல் பட்டு வந்தவையாக இருக்கலாம். தூரத்தில் நின்று பார்க்கிற நமக்கு வேறுபாடு தெரியாது.

கைத்திறனையே அரசியலின் சோதனையாக வைத்தால் இந்தப் போலி ஒழியாதா? ஒருமுறை வைத்துப் பார்த்தார்கள். காந்தியின் வற்புறுத்தலால் 1924இல் பெல்காம் காங்கிரஸ் மாநாடு, உறுப்பினர் சந்தாவாகக் காசுக்குப் பதில் மாதம் 2,000 கெஜம் நூல் என்று விதித்தது. அற்புதமான யோசனை என்று இன்றும் நினைக்கிறேன். ராட்டை முன்னால் நடிக்க முடியாது, இழை அறுந்தால் அறுந்ததுதான். ஆனால் அதே விதியில் ஒரு கதவு திறந்திருந்தது: உடல்நலம் இல்லாதவரோ விருப்பம் இல்லாதவரோ வேறொருவர் நூற்ற நூலைக் கொடுக்கலாம். மனமில்லாதவர் விலைக்கு வாங்கிக் கொடுக்க அது போதும். அடுத்த ஆண்டே காசுச் சந்தாவும் செல்லும் என்று தளர்த்தினார்கள்.

இணையத்தில் இதே நாடகம் வேகமாக ஓடுகிறது, அதனால் வேகமாகவே சொல்லிவிடலாம். நாளுக்கு ஒருமுறை, எதிர்பாராத நேரத்தில், இரண்டே நிமிடத்துக்குள் இருந்த நிலையில் படம் எடுத்துப் போடச் சொன்ன பீரியல் செயலி 2022இல் பரவியது. இயல்பாக இருக்கவும் கெடு வைத்தார்கள். 2023இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது ‘ஆத்தென்டிக்’, அதாவது அசலானது. செயற்கை நுண்ணறிவு எழுதவும் வரையவும் தொடங்கியதும் அந்தச் சொல்லைத் தேடியவர்கள் பெருகியதில் வியப்பில்லை. அடோபி, மைக்ரோசாப்ட், பிபிசி முதலிய நிறுவனங்கள் 2021இலிருந்து சேர்ந்து உருவாக்கும் ஒரு தொழில்நுட்பத் தரம், படம் எந்தக் கருவியில் உருவானது, பிறகு என்னென்ன திருத்தங்கள் நடந்தன என்ற வரலாற்றைப் படத்தோடேயே பூட்டி அனுப்புகிறது. பயனுள்ளது, தேவையானது. ஆனால் அது சொல்வது பிறப்பிடம் மட்டும். குடிசை முன்னால் நின்று எடுத்த படம் கலப்படமற்ற படம் என்று அந்த முத்திரை உறுதி சொல்லும். குடிசையில் வாழ்ந்தாரா என்று சொல்லாது.

எனக்கு இன்னும் பயனுள்ளதாகத் தெரிவது 1919 ஜனவரியில் மியூனிக்கில் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் மாணவர்களுக்கு ஆற்றிய உரை. நகரம் புரட்சியில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மாணவர்களுக்குத் தூய்மையான, சமரசமற்ற, உள்ளத்திலிருந்து பேசும் தலைவர்கள் வேண்டியிருந்தது. வெபர் அவர்களுக்குத் தச்சுவேலையை உவமையாகக் கொடுத்தார். அரசியல் என்பது கடினமான பலகையில் பலத்தோடும் மெதுவாகவும் துளையிடுவது, அதற்கு வேட்கையும் வேண்டும், ‘ஆகன்மாஸ்’ என்பதும் வேண்டும் என்றார். அந்த ஜெர்மானியச் சொல்லைப் பிரித்தால் கண், அளவு. அளவுகோல் வைக்காமலே கண்ணால் பார்த்து, எவ்வளவு தாங்கும், எங்கே பிளக்கும் என்று சொல்லும் தேர்ச்சி. தமிழில் கண்மதிப்பு என்கிறோமே, ஏறத்தாழ அதுதான்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஓர் அரசியல்வாதியைப் பார்த்தால் கேள்விகள் மாறிவிடுகின்றன. இவர் மனதில் பட்டதைப் பேசுகிறாரா என்று கேட்கத் தோன்றுவதில்லை. இவர் கொண்டுவந்த சட்டம் நீதிமன்றத்தில் நின்றதா? போட்ட திட்டத்தில் ஓட்டை தெரிந்தபோது அடைத்தாரா, மறைத்தாரா? தன்னைப் பிடிக்காதவர்களோடு உட்கார்ந்து எதையாவது முடித்திருக்கிறாரா? இவற்றுக்கு விடை தேட அவர் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. அவைக் குறிப்புகளையும் தணிக்கை அறிக்கைகளையும் தீர்ப்புகளையும் புரட்ட வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை படிக்கச் சலிப்பானவை, பக்கம் எண்ணிட்டு எங்கோ ஓர் அலமாரியில் இருப்பவை.